மூன்றெழுத்துச் சொல், அறுநூறு பொருள்

ஆங்கில அகராதியில் அதிக இடத்தைப் பிடித்துக்கொள்பவை 'செட்', 'ரன்', 'புட்', 'கெட்', 'டேக்', 'கோ' போன்ற சின்னஞ்சிறு சொற்கள். பள்ளியில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே குழந்தைகள் கற்றுக்கொள்ளும் சொற்கள் இவை. சாமுவேல் ஜான்சன் 1755-இல் லண்டனில் வெளியிட்ட அகராதியில் 'டேக்' என்ற ஒரே வினைக்கு 134 பொருள்களைப் பிரித்துக் காட்டினார். 1989-இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு 'செட்'டுக்கு உரியது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 430-க்கு மேற்பட்ட பொருள்கள் தரப்பட்டிருந்தன. அதற்குப் பின் நடந்த திருத்தப் பணியில் 'ரன்' அதை முந்திவிட்டது. அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவர் மாதக்கணக்கில் உழைத்து, 'ரன்' என்ற வினைக்கு 645 பொருள்களை வகைப்படுத்தினார்.

'ஃபோட்டோசின்தசிஸ்' பார்க்கப் பயமுறுத்தும் சொல். ஆனால் ஒளிச்சேர்க்கை என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும், வேறெங்கு வந்தாலும் அதே பொருள்தான். 'கெட்' அப்படிப்பட்டதன்று. இடத்துக்கு இடம் வேறு வேலை செய்யும். அடிக்கடி புழங்கும் சொற்களுக்கே பொருள்களும் அதிகம் என்பதை அமெரிக்க மொழியறிஞர் ஜார்ஜ் ஜிப்ஃப் 1945-இல் கணக்கிட்டுக் காட்டினார். தமிழ் இலக்கண மரபு இதைப் 'பலபொருள் ஒருசொல்' என்று தொல்காப்பியத்திலேயே வகுத்து வைத்திருக்கிறது. சூடாமணி நிகண்டில் இத்தகைய சொற்களுக்குத் தனித் தொகுதியே உண்டு. ஆங்கிலம் கற்பவருக்கு இதிலிருந்து கிடைக்கும் முதல் பாடம் ஒன்று: சின்னச் சொல்லின் பொருளை அதன் பக்கத்தில் நிற்கும் சொல்தான் முடிவு செய்கிறது. தனியே எடுத்து மனப்பாடம் செய்தால் அது கைக்கு அகப்படாது.

ஒரு சொல் கிளைவிடும் விதம்

'ரன்' என்பதன் அடிப்படைப் பொருள், கால்களால் வேகமாக ஓடுவது. ஓட்டத்தில் மூன்று கூறுகள் உள்ளன: வேகம், தொடர்ச்சி, ஒரு திசை. ஒவ்வொரு கூறும் தனித்தனியாகக் கிளைவிட்டிருக்கிறது. தொடர்ச்சியாக வழிவதால் மூக்கும் 'ரன்' ஆகும்; துவைக்கும்போது துணியின் சாயம் கலைந்து பரவினால் அதுவும் 'ரன்' ஆகும். ஒரு திசையில் நீள்வதால் ஆற்றங்கரையை ஒட்டிச் சாலை 'ரன்' ஆகிறது. இடைவிடாமல் இயங்குவதால் மோட்டார், கணினி நிரல், பேருந்து எல்லாம் 'ரன்' ஆகின்றன. அவற்றை இயக்குபவரும் 'ரன்' செய்கிறார். அதனால் கடை நடத்துவதும் பள்ளி நடத்துவதும் 'ரன்' ஆயின. இயந்திரங்கள் பெருகப் பெருக இந்தச் சொல்லின் பொருள்களும் பெருகின.

தமிழிலும் கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது. ஆனால் மூக்கு ஒழுகுகிறது, கடையை நடத்துகிறோம், தேர்தலில் நிற்கிறோம். அமெரிக்க வேட்பாளர் தேர்தலில் 'ரன்' செய்வார். பிரிட்டிஷ் வேட்பாளரோ தமிழரைப் போலவே நிற்பார். அவருக்கு உரிய வினை 'ஸ்டாண்ட்'. இரண்டு மொழிகளின் கிளைகள் சில இடங்களில் சேர்ந்து வளர்ந்து, சில இடங்களில் பிரிந்துவிடுகின்றன. கற்பவர் இடறுவது அந்தப் பிரிகிற இடங்களில்தான்.

காலப்போக்கில் பொருள் முற்றிலும் இடம் மாறுவதும் உண்டு. இன்று இனிமையானவர் என்று பாராட்டப் பயன்படும் 'நைஸ்', அறியாமையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஆங்கிலத்தில் முதலில் முட்டாளைக் குறித்தது. பிறகு நுணுக்கம் பார்ப்பவரைக் குறித்து, 18-ஆம் நூற்றாண்டில்தான் இன்றைய பொருளில் நிலைபெற்றது. 'சில்லி' எதிர்த்திசையில் போனது. பழைய ஆங்கிலத்தில் பேறு பெற்றவரைக் குறித்த சொல் இன்று அசட்டுத்தனத்தைக் குறிக்கிறது. நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' தமிழில் அடைந்த கதியும் இதுவே.

இப்படி மறைந்துபோன பொருள்கள் மரபுத்தொடர்களுக்குள் பத்திரமாக இருப்பது உண்டு. 'குவிக்' என்பதற்கு முன்பு உயிருள்ளது என்று பொருள். நகத்துக்கு அடியிலுள்ள உணர்ச்சிமிக்க சதைக்கு இன்றும் அந்தப் பெயர் இருக்கிறது. மனம் மிகவும் புண்பட்டதைச் சொல்லும் 'கட் டு த குவிக்' என்ற தொடர் அங்கிருந்து வந்தது. வேகம் என்ற இன்றைய பொருளை வைத்துப் பார்த்தால் அந்தத் தொடர் விளங்காது.

மூன்று அடுக்கு மொழி

ஆங்கிலத்தில் சின்னச் சொற்களுக்கு இவ்வளவு வேலை வந்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 5-ஆம் நூற்றாண்டில் ஆங்கிள், சாக்சன் முதலிய ஜெர்மானியக் குழுக்கள் பிரிட்டனில் குடியேறின. அவர்களின் பேச்சே ஆங்கிலத்தின் அடித்தளம். 8-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஸ்காண்டிநேவிய வைக்கிங்குகள் படையெடுத்து வந்தனர். பலர் வடக்கிலும் கிழக்கிலும் தங்கிவிட்டனர். 'கெட்', 'டேக்', 'கால்', 'வான்ட்' ஆகியவை அவர்களின் மொழியிலிருந்து வந்தவை. 'அவர்கள்' என்று பொருள்படும் 'தே' என்ற பிரதிப்பெயர்கூட அவர்கள் தந்ததுதான். 1066-இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தை வென்றபின், அரசவையிலும் நீதிமன்றத்திலும் சில நூற்றாண்டுகள் பிரெஞ்சு ஆட்சி செய்தது. கல்விக்கும் சமயத்துக்கும் லத்தீன் இருந்தது.

இதனால் ஒரே செயலுக்கு இரண்டு சொற்கள் அமைந்தன. வீட்டில் 'லுக் இன்டூ', அலுவலகத்தில் 'இன்வெஸ்டிகேட்'. தள்ளிப்போடுவதற்கு 'புட் ஆஃப்', ஆவணத்தில் எழுதும்போது 'போஸ்ட்போன்'. நெருப்பை அணைக்க 'புட் அவுட்', அறிவிப்புப் பலகையில் 'எக்ஸ்டிங்குவிஷ்'. பொறுத்துக்கொள்வதற்கு 'புட் அப் வித்', மேடையில் பேசும்போது 'டாலரேட்'. லண்டன் குழந்தை முதல் வகைச் சொற்களை நடக்கப் பழகும் வயதிலும் இரண்டாம் வகையைப் பள்ளியிலும் கற்கிறது. தமிழ்நாட்டில் பாடநூல் வழியாக ஆங்கிலம் கற்பவருக்கு இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாக அமைகிறது. ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைத் தடையின்றிப் படிப்பவர் ஒரு திரைப்படத்தின் வீட்டுப் பேச்சில் திணறுவது இதனால்தான். அவருடைய அறிவில் குறை ஒன்றும் இல்லை. கற்ற வரிசைதான் வேறு.

வினையோடு ஒட்டும் சிறு சொல்

ஒரு வினையும் 'அப்', 'ஆஃப்', 'அவுட்', 'ஆன்', 'ஓவர்' போன்ற சிறு சொல்லும் சேர்ந்து புதுப்பொருள் தரும் அமைப்புக்கு 'ஃபிரேசல் வெர்ப்' என்று பெயர். அயல்நாட்டவருக்கு ஆங்கிலத்தில் பெருந்தொல்லை தருவது இந்தச் சேர்க்கைதான் என்று ஜான்சன் தம் அகராதியின் முன்னுரையிலேயே எழுதினார். ஆனால் இதற்கு ஒரு பெயர் கிடைக்க 1925 வரை ஆனது. லோகன் பியர்சால் ஸ்மித் அந்த ஆண்டு வெளியிட்ட நூலில் இப்பெயரை அறிமுகப்படுத்தினார். அதைத் தமக்குச் சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர் ஹென்றி பிராட்லி என்றும் அதில் குறிப்பிட்டார்.

'கெட்' என்ற ஒரு வினையை எடுத்துக்கொண்டால் அமைப்பு விளங்கும். 'கெட் அப்' என்றால் எழுந்திருப்பது. 'கெட் ஓவர்' என்றால் நோயிலிருந்தோ துயரத்திலிருந்தோ மீள்வது. 'கெட் பை' என்றால் கையிலிருப்பதை வைத்துச் சமாளிப்பது. 'கெட் அலாங்' என்றால் ஒத்துப்போவது. 'கெட் அவே வித்' என்றால் தப்பு செய்தும் மாட்டிக்கொள்ளாமல் தப்பிப்பது. வினை ஒன்றுதான், பொருளைத் திருப்பிவிடுவது பின்னால் வரும் சிறு சொல். சேர்க்கை ஒன்றாகவே இருந்தாலும் பொருள் மாறுவது உண்டு. விமானம் 'டேக் ஆஃப்' ஆனால் மேலே கிளம்புகிறது. ஒரு தொழில் 'டேக் ஆஃப்' ஆனால் சூடுபிடிக்கிறது. சட்டையை 'டேக் ஆஃப்' செய்தால் கழற்றுவது.

தமிழ் அறிந்தவருக்கு இந்த அமைப்பு புதிதன்று. தமிழில் துணைவினைகள் செய்யும் வேலையில் பெரும்பகுதியை ஆங்கிலத்தில் இந்தச் சிறு சொற்கள் செய்கின்றன. 'சாப்பிடு' என்பது வெறும் செயல். 'சாப்பிட்டுவிடு' என்றால் மிச்சமில்லாமல் முடிப்பது. ஆங்கிலத்தில் 'ஈட்' என்பதோடு 'அப்' சேர்ந்தால் அதே நிறைவு வந்துவிடும். 'யூஸ் அப்' என்றால் தீர்த்துவிடுவது. 'பேசிக்கொண்டே இரு' என்பதில் 'கொண்டே இரு' தரும் தொடர்ச்சியை 'டாக் ஆன்', 'கேரி ஆன்' ஆகியவற்றில் 'ஆன்' தருகிறது. மறைந்திருந்தது வெளிப்படுவதை 'அவுட்' காட்டும்: 'ஃபைண்ட் அவுட்' கண்டுபிடிப்பது, 'ஒர்க் அவுட்' கணக்குப் போட்டு விடை காண்பது. பிரிவையும் விலகலையும் 'ஆஃப்' காட்டும். எல்லாச் சேர்க்கைகளும் இந்தச் சூத்திரத்துக்குள் அடங்கிவிடா. ஆனால் புதிய சேர்க்கை ஒன்று எதிர்ப்படும்போது ஊகிக்க இது உதவும்.

சொல்வரிசைக்கும் விதி உண்டு. விளக்கை அணைக்கச் சொல்லும்போது 'டர்ன் ஆஃப் த லைட்', 'டர்ன் த லைட் ஆஃப்' இரண்டும் சரி. விளக்கு என்ற சொல்லுக்குப் பதிலாக 'இட்' வந்தால் அது நடுவில்தான் வர வேண்டும்: 'டர்ன் இட் ஆஃப்'. 'லுக் ஆஃப்டர்' போன்ற சேர்க்கைகளோ பிரிவதே இல்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்ல 'லுக் ஆஃப்டர் ஹெர்' என்றே சொல்ல வேண்டும்.

பதினெட்டு வினைகளில் ஒரு மொழி

இந்தச் சின்னச் சொற்களின் ஆற்றலைச் சோதித்துப் பார்த்தவர் ஆங்கிலேய அறிஞர் சார்ல்ஸ் கே ஆக்டன். உலகம் முழுவதும் எளிதில் கற்கக்கூடிய ஆங்கிலம் ஒன்றை 'பேசிக் இங்கிலிஷ்' என்ற பெயரில் 1930-இல் அவர் வெளியிட்டார். அதில் மொத்தம் 850 சொற்கள். வினைகள் வெறும் 18: 'கம்', 'கெட்', 'கிவ்', 'கோ', 'கீப்', 'லெட்', 'மேக்', 'புட்', 'டேக்' முதலியன. நுழைவதற்குத் தனி வினை இல்லை, 'கோ இன்' போதும். ஏறுவதற்கு 'கோ அப்'. வின்ஸ்டன் சர்ச்சில் 1943-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேசியபோது இத்திட்டத்தை ஆதரித்தார்.

திட்டம் பரவலாக வேரூன்றவில்லை. பட்டியல் குறைந்ததே தவிர கற்க வேண்டியது குறையவில்லை என்பது அதன் பெரிய பலவீனம். 'டாலரேட்' என்ற ஒரு சொல்லை நீக்கிவிட்டால் அந்த இடத்தில் 'புட்', 'அப்', 'வித்' ஆகிய மூன்றின் சேர்க்கையைக் கற்க வேண்டும். மூன்றையும் தனித்தனியாக அறிந்தவரும் சேர்க்கையின் பொருளை ஊகிக்க முடியாது.

மரபுத்தொடர்களின் பிறந்தகம்

சொற்களின் நேர்ப்பொருளைக் கூட்டிப் பார்த்தால் கிடைக்காத பொருளைத் தருவது மரபுத்தொடர். ஆங்கில மரபுத்தொடர்களைப் பிறந்த இடம் வாரியாகப் பார்த்தால் அந்த மக்களின் வாழ்க்கையே தெரிகிறது.

கடலோடிகள் தந்தவை ஏராளம். பொதுவாகச் சொன்னால் என்று பொருள்படும் 'பை அண்ட் லார்ஜ்', பாய்மரக் கப்பல் காற்றை எதிர்த்தும் காற்றோடும் செல்லும் இரு நிலைகளைக் குறித்த மாலுமிகளின் பேச்சு. எதிர்க்காற்று பாயைப் பின்னுக்குத் தள்ளிக் கம்பத்தோடு அழுத்திவிட்டால் கப்பல் திகைத்து நின்றுவிடும். திடுக்கிட்டுப்போன மனிதரை 'டேக்கன் அபேக்' என்பது அதிலிருந்து வந்தது. குடிபோதையில் தள்ளாடுபவரைக் குறிக்கும் 'த்ரீ ஷீட்ஸ் டு த விண்ட்' என்ற தொடரில் 'ஷீட்' என்பது பாயை இழுத்துக் கட்டும் கயிறு. கயிறுகள் அவிழ்ந்தால் பாய் கட்டுப்பாடின்றி அலையும்.

நாடக மேடையும் தன் பங்கைத் தந்தது. புகழின் வெளிச்சத்தில் இருப்பவரை 'இன் த லைம்லைட்' என்பர். இதிலுள்ள 'லைம்' எலுமிச்சை என்று நினைப்பது உண்டு. உண்மையில் அது சுண்ணாம்பு. சுண்ணாம்புக் கட்டியை ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் கலந்த சுடரில் சூடாக்கினால் கண்ணைப் பறிக்கும் வெள்ளொளி வரும். 19-ஆம் நூற்றாண்டு நாடக அரங்குகளில் முக்கிய நடிகர்மீது விழுந்தது இந்த ஒளி. 'ஸ்டீல் சம்ஒன்ஸ் தண்டர்' என்பதற்கு மற்றவரின் பெருமையைத் தனதாக்கிக்கொள்வது என்று பொருள். ஜான் டென்னிஸ் என்ற நாடகாசிரியர் 1709-இல் தம் நாடகத்துக்காக இடி முழக்கம் உண்டாக்கும் புதிய முறையை உருவாக்கினார். நாடகம் தோற்று நின்றுபோனது. அதே அரங்கில் பிறகு நடந்த 'மெக்பெத்' நாடகத்தில் அந்த இடி முழங்கியதைக் கேட்டுத் தம் இடியைத் திருடிவிட்டார்கள் என்று அவர் கொதித்ததாகச் சொல்லப்படுகிறது.

விவிலிய மொழிபெயர்ப்புகள் வழியாக வந்தவை ஆழமாகப் பதிந்துவிட்டன. வரப்போகும் கேட்டின் அறிகுறியை 'த ரைட்டிங் ஆன் த வால்' என்பது தானியேல் ஆகமத்தில் பாபிலோன் அரண்மனைச் சுவரில் ஒரு கை எழுதிய நிகழ்ச்சியிலிருந்து வந்தது. சீட்டாட்டத்திலிருந்து 'பாஸ் த பக்' வந்தது. போக்கர் ஆட்டத்தில் சீட்டுப் பகிரும் முறை யாருடையது என்பதைக் காட்டும் அடையாளப் பொருள் 'பக்'. அதை அடுத்தவரிடம் தள்ளிவிடுவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாயிற்று. அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமன், பொறுப்பு தம்மோடு நிற்கிறது என்ற பொருளில் இத்தொடரைத் திருப்பி எழுதிய பலகையைத் தம் மேசைமேல் வைத்திருந்தார். குதிரைப் பந்தயத்தில் வெற்றி உறுதியான பின் ஓட்டுநர் கடிவாளத்தைத் தளர்த்திக் கைகளைத் தாழ்த்துவதால் எளிதான வெற்றி 'ஹேண்ட்ஸ் டவுன்' ஆனது.

மரபுத்தொடர்களுக்குச் சொல்லப்படும் கதைகளை எல்லாம் நம்பிவிடக் கூடாது. கொட்டும் மழையைச் சொல்லும் 'கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்ற தொடருக்குக் கூரைமேல் படுத்திருந்த பூனையும் நாயும் மழையில் வழுக்கி விழுந்ததாக ஒரு கதை உலவுகிறது. அதற்குச் சான்று எதுவும் இல்லை. தோராயமான நடைமுறை விதியைக் குறிக்கும் 'ரூல் ஆஃப் தம்', மனைவியை அடிக்கும் கோலின் பருமனைப் பற்றிய சட்டத்திலிருந்து வந்தது என்பதும் ஆதாரமற்றது. கட்டைவிரலால் அளந்து பார்க்கும் பழக்கத்தோடு அது பொருந்துகிறது. பழைய நூல்களில் ஒரு தொடர் எந்த ஆண்டில், எந்தப் பொருளில் வந்திருக்கிறது என்பதைக் காட்டுவதே நம்பத்தகுந்த விளக்கம்.

எவ்வளவு வளையும்?

மரபுத்தொடர்கள் எல்லாம் ஒரே அளவுக்கு இறுகியவை அல்ல. 'கிக் த பக்கெட்' என்றால் இறந்துபோவது. தமிழில் 'மண்டையைப் போடுவது'. தமிழில் 'மண்டை போடப்பட்டது' என்று யாரும் சொல்வதில்லை; ஆங்கிலத்திலும் இந்தத் தொடரைச் செயப்பாட்டு வினையாக மாற்றினால் மரபுப்பொருள் போய்விடும், உண்மையான வாளி ஒன்றை உதைத்ததாக ஆகிவிடும். 'ஸ்பில் த பீன்ஸ்' என்றால் இரகசியத்தை வெளியிடுவது. அதை மாற்றலாம், தமிழிலும் குட்டை உடைத்தார்கள், குட்டு உடைந்தது என இரு விதமாகவும் சொல்கிறோம். முதல் வகையில் 'பக்கெட்' என்ற சொல்லுக்குத் தனியே பொருள் இல்லை. இரண்டாவதில் 'பீன்ஸ்' இரகசியத்துக்கு நிகராக நிற்கிறது. உறுப்புக்குத் தனிப்பொருள் இருந்தால் தொடர் வளையும், இல்லாவிட்டால் வளையாது.

நாட்டுக்கு நாடு பொருள் மாறுவதும் உண்டு. ஒரு தீர்மானத்தை 'டேபிள்' செய்வது பிரிட்டனில் விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் ஒத்திவைப்பது. இரண்டாம் உலகப் போர்க்காலக் கூட்டமொன்றில் இரு நாட்டு அதிகாரிகளும் இச்சொல்லின் காரணமாக நெடுநேரம் வாதிட்டதை சர்ச்சில் தம் போர் வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். இந்தியாவிலும் தனி வழக்குகள் உண்டு. வெளியூர் சென்றிருப்பதைச் சொல்லும் 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்', அதிகாரிகள் பணியமர்ந்த ஊரை 'ஸ்டேஷன்' என்று அழைத்த காலனிக் காலத்தின் எச்சம். கல்லூரிப் படிப்பை முடித்ததைச் சொல்லும் 'பாஸ்டு அவுட்' பிரிட்டனில் பெரும்பாலும் மயங்கி விழுந்ததாகவே புரிந்துகொள்ளப்படும். முன்தேதிக்கு மாற்றுவதைச் சொல்லும் 'ப்ரீபோன்' இந்தியாவில் பரவி, ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் இடம்பெற்றுவிட்டது.

கற்பவருக்கு உதவும் வழிகள்

தமிழில் 'போடு' ஒன்றே போதும்: சட்டை போடு, டீ போடு, கணக்குப் போடு, கையெழுத்துப் போடு, கோலம் போடு, சண்டை போடு, விளக்கைப் போடு, மாத்திரை போடு. ஆங்கிலத்தில் இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு வினைக்குப் போகின்றன. சட்டைக்கு 'புட் ஆன்', டீக்கு 'மேக்', கணக்குக்கு 'டூ', கையெழுத்துக்கு வெறும் 'சைன்', கோலத்துக்கு 'ட்ரா', விளக்குக்கு 'டர்ன் ஆன்', மாத்திரைக்கு 'டேக்'. எல்லாவற்றுக்கும் 'புட்' என்று சொல்லும் பழக்கம் தமிழரின் ஆங்கிலத்தில் அடிக்கடி தலைகாட்டுகிறது. தாய்மொழியின் தர்க்கத்தை அடுத்த மொழிக்குக் கொண்டுபோவது இயல்பே. எந்தப் பெயரோடு எந்த வினை சேரும் என்பதைச் சேர்த்தே கற்றால் இது சரியாகிவிடும். கனமழைக்கு 'ஹெவி', காட்டமான தேநீருக்கு 'ஸ்ட்ராங்', தவறு செய்வதற்கு 'மேக்', வீட்டுப்பாடம் செய்வதற்கு 'டூ' என்று இணையாகவே மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

இதற்கு உதவும் அகராதிகள் பிறந்த கதையில் இந்தியாவுக்கும் இடம் உண்டு. அன்று இந்தியாவில் இருந்த டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவர்கள் ஆங்கில நூல்களைப் படிக்கத் திணறுவதைக் கண்டு, அவர்களுக்குத் தேவையான சொற்கள் எவை என்று ஆராய்ந்தார். ஜேம்ஸ் எண்டிகாட்டுடன் 1935-இல் அவர் வெளியிட்ட அகராதி 1,490 எளிய சொற்களைக் கொண்டே மற்ற எல்லாவற்றுக்கும் பொருள் சொன்னது. 1953-இல் அவர் தொகுத்த சுமார் 2,000 சொற்களின் பட்டியல், ஒவ்வொரு சொல்லின் எந்தப் பொருள் எத்தனை சதவீதம் வழங்குகிறது என்பதையும் காட்டியது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, மரபு வழக்குகளையும் வாக்கிய அமைப்புகளையும் மையமாக வைத்து 1942-இல் டோக்கியோவில் ஓர் அகராதியை வெளியிட்டார். இன்று உலகெங்கும் மாணவர்கள் பயன்படுத்தும் ஆக்ஸ்ஃபோர்டு கற்போர் அகராதிக்கு அதுவே மூலம். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் ஜான் சின்க்ளேர் தலைமையில் 1987-இல் வந்த 'கோபில்ட்' அகராதி, உண்மையான பேச்சும் எழுத்தும் அடங்கிய பெரும் தொகுப்பைக் கணினியில் ஆராய்ந்து உருவானது.

இந்த அகராதிகளுக்கும் ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிக்கும் உள்ள வேறுபாட்டைக் கற்பவர் தெரிந்துகொள்ள வேண்டும். பேரகராதி பொருள்களை வரலாற்று வரிசையில் தருகிறது. முதலில் நிற்பது இன்று வழக்கிழந்த பொருளாகவும் இருக்கலாம். கற்போர் அகராதிகள் பெரும்பாலும் இன்று அதிகம் வழங்கும் பொருளை முன்னே வைக்கின்றன. 'டேக்', 'மேக்', 'கெட்' போன்ற சொல்லைத் தேடும்போது முதல் பொருளோடு நின்றுவிடாமல், வாக்கியத்தில் அதன் பக்கத்தில் இருக்கும் பெயரையும் சிறு சொல்லையும் கையில் வைத்துக்கொண்டு பதிவு முழுவதையும் பார்வையிட வேண்டும். ஃபிரேசல் வெர்புகளும் மரபுத்தொடர்களும் பதிவின் இறுதியில் தனியே தொகுக்கப்பட்டிருக்கும். கண்டெடுத்த தொடரை முழு வாக்கியமாகவே குறித்துக்கொண்டால், அதன் சொல்வரிசையும் அது பொருந்தும் சூழலும் சேர்ந்தே நினைவில் நிற்கும். பேச்சில் வருவதா, அலுவல் கடிதத்தில் வருவதா, பிரிட்டனின் வழக்கா, அமெரிக்க வழக்கா என்ற குறிப்பையும் அகராதியே தருகிறது. இவற்றைப் பார்த்துப் பழகியவருக்குச் சின்னச் சொற்களின் நூற்றுக்கணக்கான பொருள்களை மனப்பாடம் செய்யும் தேவை இராது. வாக்கியத்தைப் பார்த்ததும் பொருந்தும் பொருள் எது என்று தெரிந்துவிடும்.